வாத்தியாற்றை கடைசி மூச்சு

இணுவில்

மச்சான்,

சுகம்தானே? மூண்டு மாசமா எழுதாதது என்ர பிழை, பேசுறதை நேரில பேசு. இண்டைக்கு எழுதாட்டி எனக்கு நித்திரை வராது.

கணக்கு வாத்தியார் போயிட்டார். ஓமடா, நாங்கள் 'மஞ்சள் குடை' எண்டு பட்டம் சொல்லுற அதே ஆள்தான்.

போன செவ்வாய் பின்னேரம், வாசிகசாலையில. பேப்பரை மடிச்சு வைச்சிட்டு எழும்பினவர், வாங்கிலோட சரிஞ்சார். நாங்கள் ஆறு பேர் நிண்டம். ஒருத்தன் சோடா உடைச்சு முகத்தில தெளிச்சான், ஒருத்தன் உள்ளங்காலைத் தேய்ச்சான். தலை என்ர மடியில. தொண்டைக்குள்ள குறட்டை மாதிரி ஒரு சத்தம், கனநேரம் ஒண்டுமில்லை, பிறகு இன்னொண்டு. "மூச்சு இருக்கு, பயப்பிடாதையுங்கோ" எண்டு சொன்னது நான்தான்.

அது மூச்சே இல்லையாம். பக்கத்து ஒழுங்கை நேர்ஸ் பிள்ளை பிறகு சொன்னா. இதயம் நிண்ட பிறகும் கொஞ்ச நேரம் வாய் அப்பிடிக் காத்தை இழுக்குமாம். தட்டிக் கூப்பிட்டு அசைவில்லை, மூச்சு ஒழுங்காயில்லை எண்டால், ஒருத்தர் 1990 அம்புலன்சுக்கு அடிக்க, மற்றவர் உடனே நெஞ்சை அமத்தவேணும். நாலைஞ்சு நிமிசத்தில மூளை பழுதாகத் தொடங்கியிடும். சும்மா போற ஒவ்வொரு நிமிசத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 வீதம் குறையுது. நாங்கள் ஓட்டோ பிடிச்சு ஏத்தவே கால்மணித்தியாலம் போச்சு.

ஞாயிறு அவவிட்டைப் போய்ப் பழகினன். ஆளைக் கட்டாந்தரையில மல்லாத்திக் கிடத்தி, நெஞ்சு நடுவெலும்பின்ர கீழ்ப்பாதியில உள்ளங்கையின்ர அடியை வைச்சு, மேல மற்றக் கை. முழங்கை மடங்கக்கூடாது. 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் அமத்தி, முழுக்க எழும்ப விட்டு, நிமிசத்துக்கு 100 – 120 தரம். ரெண்டு நிமிசத்தில வேர்த்து ஊத்திட்டுது. ஆள் மாறத்தான் வேணும். விலா முறியாதோ எண்டு கேட்டன். "முறியலாம் அண்ணை. முறிஞ்சது பொருந்தும்" எண்டா.

பழகியிருந்தால் கட்டாயம் தப்பியிருப்பார் எண்டு நான் சொல்லேல்லை. மின்னதிர்ச்சி குடுக்கிற மிசினும் நேரத்துக்கு வரவேணும். ஆனால் அது வருமட்டும் மூளைக்கு ரத்தத்தை ஓட்டுறது எங்கட கைதான். 1960இலேயே அமெரிக்காவில ஆராய்ச்சி செய்து எழுதி வைச்ச விசயமடா இது. ஆறு வளர்ந்த ஆம்பிளையளில ஒருத்தருக்கும் தெரியேல்லை. அதுதான் எனக்கு ஆறுதில்லை.

இன்னொண்டு, கோவிக்காதை. உன்ர அப்பா இதயத்தில பைபாஸ் ஒப்பரேசன் செய்துகொண்ட ஆள், வீட்டில துணைக்கு அம்மா மட்டும். உன்னைக் கேக்காமல் நேற்று அங்க போனன். அம்மா தலையணியை விறாந்தையில போட்டு, "இப்பிடியோ தம்பி?" எண்டு கேட்டுக் கேட்டு முப்பது மட்டும் எண்ணினா. பெலம் கொஞ்சம் காணாது. அடுத்த வீட்டுப் பெடியனையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறன்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்க எனக்கொரு பின்னேரம் ஒதுக்கி வை.

அன்புடன்,
உன்ர பழைய வாங்குக்காரன்