நான்கு மணி நேர நிரலாளரை நியமிப்பது குறித்து ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் மென்பொருள் நிறுவனம் நடத்தும் பெருமக்களுக்கு,

வணக்கம். கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். கோவையில் ஒன்பது ஆண்டுகள் முழுநேர நிரலாளராக இருந்த நான், பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காகச் சென்ற ஆண்டு வேலையை விட்டேன். காலை 10 மணி முதல் 2 மணி வரை அம்மா அவருடன் இருப்பார். அந்த நான்கு மணி நேரத்துக்குத்தான் எட்டு மாதங்களாக வேலை தேடுகிறேன்.

பகுதி நேர வேலை என்று தேடினால் முன்பணம் கட்டச் சொல்லும் டேட்டா என்ட்ரி விளம்பரங்களும், காணொளிக்கு விருப்பம் தெரிவித்தால் பணம் என்னும் டெலிகிராம் மோசடிகளுமே முதலில் வந்து நிற்கின்றன. அவற்றைத் தாண்டி ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். மூன்றாம் வாரத்திலிருந்து இரவு 9 மணிக்குக் கூட்டம் வைத்தார்கள். சம்பளம் மட்டும் கடைசிவரை பகுதியாகவே இருந்தது. இன்னொரு நிறுவனத்தார், என்னிடம் ஜிஎஸ்டி எண் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் வருமானம் உள்ள சேவையாளருக்குப் பொதுவாக அந்தப் பதிவு தேவையில்லை என்பதை அவர்களுடைய கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வேலையைப் பிரித்துக் கொடுப்பது நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. சோமனூரில் ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுக்க, விசைத்தறிக்காரர் நெய்து கொடுத்துக் கூலி வாங்குகிறார்; திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட் கணக்கில் சம்பளம் வாங்குவோர் எத்தனையோ பேர்; கோவை லேத் பட்டறைகள் ஜாப் ஆர்டரில் ஓடுகின்றன. அங்கெல்லாம் அளவும் தரமும் முன்பே பேசி முடிக்கப்படுவதால், எத்தனை மணி நேரம் இருக்கையில் உட்கார்ந்திருந்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை. நிரல் எழுதுவதில் இது இன்னும் எளிது: ஒவ்வொரு மாற்றமும், யார் எப்போது எதை மாற்றினார் என்று சேமித்துவைக்கும் கிட் (Git) என்னும் மென்பொருளில் பதிவாகிறது, மற்றொருவர் படித்துப் பார்த்த பின்பே சேர்க்கப்படுகிறது, தானியங்கிச் சோதனைகள் உடைந்ததை உடனே காட்டிவிடுகின்றன. நள்ளிரவில் சர்வர் விழுந்தால் ஓடிவர வேண்டிய பொறுப்பை எங்களிடம் தர வேண்டாம் என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிஎச்பி (PHP) என்னும் நிரல்மொழியில் எழுதிய பழைய செயலியைப் பராமரிப்பது, அறிக்கைகள் உருவாக்குவது, ஏற்றுமதியாளரின் எக்செல் கணக்கைத் தரவுத்தளத்துக்கு மாற்றுவது, சோதனைகள் எழுதுவது ஆகியவற்றுக்கு நாள் முழுதும் ஓர் ஆள் தேவையில்லை. தேவையை எழுத்தில் தெளிவாகத் தரும் பழக்கம் மட்டும் வேண்டும். அது முழுநேர ஊழியருக்கும் நல்லதுதான்.

2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வார விடுப்பைத் தந்ததோடு, அதன் பின் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் வீட்டிலிருந்து பணிசெய்யவும் இடம் வைத்தது. ஆனால் பணி நேரத்தைக் குறைத்துக்கொள்வதை அது உரிமையாக்கவில்லை. குழந்தைக்காக வேலையை விட்ட என் பழைய தோழியர் சிலர் இன்னும் திரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவே: உங்கள் அடுத்த வேலை விளம்பரத்தில் ஓர் இடத்தையாவது, நேரத்தை வெளிப்படையாகக் குறிப்பிட்டு, நேரத்துக்கு ஏற்ற விகிதச் சம்பளத்தில், நான்கு மணி நேரப் பணியாக அறிவியுங்கள். தேர்வுக்காக இரண்டு நாள் வேலை வாங்குவதாயின் அதற்கும் கூலி கொடுங்கள். மூன்று மாதம் நடத்திப் பார்த்த பின் ஒத்துவரவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கோபிசெட்டிபாளையத்து நிரலாளர் ஒருத்தி