பழைய படம் எங்கும் போய்விடவில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடர் படங்களைப் பற்றி உங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி என்னை மிகவும் உறுத்திவிட்டது. "புதிய பாகம் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், பழைய படம் எங்கும் போய்விடவில்லையே" என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். சினிமாவை இவ்வளவு அக்கறையாக எழுதும் உங்கள் இதழில் இப்படி ஒரு வரியை நான் எதிர்பார்க்கவில்லை.

படம் இருக்கிறது, சரி. அதன் முடிவு இருக்கிறதா? 1986-ல் வந்த ‘ஏலியன்ஸ்’ படத்தில் நியூட் என்ற சிறுமியை மீட்க நாயகி ரிப்ளி தன் உயிரைப் பணயம் வைத்து வேற்றுக்கிரக உயிரிகளின் கூட்டுக்குள் இறங்குகிறாள். படத்தின் உயிரே அதுதான். 1992-ல் ‘ஏலியன் 3’ தொடங்கிய சில நிமிடங்களிலேயே அந்தக் குழந்தை செத்துக் கிடக்கிறது. 1991-ன் ‘டெர்மினேட்டர் 2’ முழுக்க ஜான் கானர் என்ற பையனைக் காப்பாற்றும் போராட்டம். 2019-ல் அதே வரிசையில் வந்த ‘டார்க் ஃபேட்’ அவனைத் தொடக்கத்திலேயே சுட்டுக் கொன்றுவிட்டு, வேறு ஒருத்தியைக் காப்பாற்றக் கிளம்புகிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் 1983-ல் ஒழிந்த வில்லன் பேரரசர் 2019-ல் திரும்பி வருகிறார். அந்தச் செய்தி ஒரு காட்சியாகக்கூட வரவில்லை, தொடக்கத்தில் நகரும் எழுத்துகளில் வருகிறது. இதற்குப் பிறகு பழைய படத்தைப் போட்டால், கடைசிக் காட்சியில் வரவேண்டிய நிம்மதி வருவதில்லை. அடுத்த பாகம் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

பாகங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1974-ல் வந்த ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரையே வாங்கியது. 1976-ல் தொடங்கிய குத்துச்சண்டை வீரர் ராக்கியின் கதை 2015-ல் ‘க்ரீட்’ ஆக வந்தபோது, ராக்கியாக நடிக்கும் ஸ்டாலோன் முதல்முறையாகத் திரைக்கதை எழுதவில்லை. ராக்கி கையுறையைக் கழற்றிவிட்டு இன்னொரு பையனுக்குப் பயிற்சி தருபவராக நின்றார். வயது ஏறியதை மறைக்காமல் அதையே கதையாக்கினார்கள். ஜப்பானில் டோரா-சான் படங்கள் 1969 முதல் 1995 வரை ஒரே நடிகரை வைத்து 48 வந்தன. எந்த ஒன்றையும் தனியாக எடுத்துப் பார்க்கலாம். பாண்ட் படங்களும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தன. 2015-ல் ‘ஸ்பெக்டர்’ வந்து, முந்தைய மூன்று படங்களின் வில்லன்களுக்குப் பின்னாலும் ஒரே ஆள்தான் இருந்தான் என்றது. தனித்தனியாக நின்ற படங்களையும் பின்னோக்கிப் போய்க் குலைத்துவிட்டார்கள்.

எண்ணிக்கையில் கோளாறு இல்லை, வேலை நடக்கும் வரிசையில்தான் கோளாறு. படத்தொகுப்பு மேசையில் உட்கார்பவன் என்பதால் சொல்கிறேன். முதலில் வெளியீட்டுத் தேதி அறிவிக்கப்படுகிறது. கிராபிக்ஸுக்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும் என்பதால் சண்டைக் காட்சிகளை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் வடிவமைத்துவிடுகிறார்கள். அப்புறம்தான் அவற்றை இணைக்கக் கதை தேடுகிறார்கள். இணையாத இடத்தில் மறுபடப்பிடிப்பு. அதற்கும் நாள் இல்லையென்றால் டப்பிங். ஒரு பாத்திரம் முதுகைக் காட்டி நிற்கும்போதோ, வாயசைவு தெரியாத தூரத்து ஷாட்டிலோ கதையின் முக்கியமான விளக்கம் காதில் விழுந்தால், அந்த வசனம் பெரும்பாலும் பிறகு ஒட்டப்பட்டதுதான். பல பாகங்கள் ஓடிய வரிசைகளில் கவனித்துப் பாருங்கள், இந்த ஒட்டு எத்தனை இடத்தில் இருக்கிறதென்று தெரியும். வெட்டவேண்டிய காட்சியை வெட்டவும் முடியாது. அடுத்த பாகத்துக்கான விதை அதில் இருக்கிறது என்பார்கள். நடுவில் படம் தொய்வதற்கு இது ஒரு பெரிய காரணம். செத்தவர்கள் திரும்பி வருவது வழக்கமான பின், சாவுக் காட்சி ஒன்றுக்கும் கனம் இருப்பதில்லை. அதை ஈடுகட்ட ஊர் அழிகிறது, பிறகு உலகம், பிறகு பிரபஞ்சம்.

வயதான நடிகர்களைக் கம்ப்யூட்டரில் இளமையாக்கும் வித்தையைப் பற்றி உங்கள் விமர்சகர்கள் வியந்து எழுதுகிறார்கள். 2023-ன் இண்டியானா ஜோன்ஸ் படத்தில், 1944-ல் நடக்கும் தொடக்கத்தைப் பாருங்கள். முகத்தில் சுருக்கம் இல்லை. குரலும் ஓட்டமும் எண்பது வயது மனிதருடையவை. 1994-ல் மறைந்த ‘ஸ்டார் வார்ஸ்’ நடிகர் பீட்டர் குஷிங்கின் முகத்தை 2016-ல் அதே வரிசையின் ‘ரோக் ஒன்’ படத்தில் வேறொரு நடிகர் மீது பொருத்தினார்கள். வாரிசுகள் அனுமதி தந்தார்கள் என்பது சட்டத்துக்குப் போதும். ஒரு நடிகர் ஒப்புக்கொள்ளாத நடிப்பு அது என்று எழுத உங்கள் பக்கங்களில் இடம் இருந்திருக்க வேண்டும்.

பாதிப் படத்தை முழுப் படம்போல விற்பது இன்னொன்று. 2021-ன் ‘டியூன்’ படத்துக்கு விளம்பரங்களில் வெறும் ‘டியூன்’ என்றுதான் பெயர். ‘பாகம் ஒன்று’ என்பது திரையில் பெயர் விழும்போதுதான் தெரியும். 2023-ன் ‘மிஷன் இம்பாசிபிள்’ பெயரில் ‘பாகம் ஒன்று’ இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டு, 2025-ல் அடுத்ததை வேறு பெயரில் கொண்டுவந்தார்கள். ‘டியூன்’ நல்ல படம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கதை பாதியில் நிற்கும் என்பதைச் சீட்டு வாங்கும் முன்பே ரசிகனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

தயாரிப்பாளர்களை உங்களால் திருத்த முடியாது என்று தெரியும். உங்கள் கையில் இருப்பதையாவது செய்யுங்கள். விமர்சனத்தின் ஓரத்தில் நடிகர், இயக்குநர் பெயர்களோடு நட்சத்திரம் போடுகிறீர்களே, அந்தக் கட்டத்தில் தொடர் படங்களுக்கு மூன்று வரி சேருங்கள்: முந்தைய எந்தப் பாகத்தைப் பார்த்திருந்தால்தான் இது புரியும், இந்தப் பாகத்திலேயே கதை முடிகிறதா, திரைக்கதை முந்தைய பாகத்தை எழுதியவருடையதா. முடிவைச் சொல்லிவிடாமல் இந்த மூன்றையும் எழுத முடியும். அடுத்த இதழிலேயே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்