தனியாகக் கிட்டாரோடு வருபவருக்கும் சவுண்ட் செக் வேண்டும்: விழா அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இசை விழா அமைப்பாளர்களுக்கும் அரங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

அடுத்த விழாவுக்கான நேர அட்டவணை கைக்கு வந்தது. பேண்டுகளின் பெயர்களுக்கு எதிரே ஒரு மணி நேரம், முக்கால் மணி நேரம் என்று சவுண்ட் செக், அதாவது நிகழ்ச்சிக்கு முன் மேடை ஒலியைச் சரிசெய்யும் நேரம், குறித்திருக்கிறீர்கள். தனியாகப் பாடும் இண்டி ஃபோக் கலைஞர்களுக்கு எதிரே 'லைன் செக் மட்டும், 3 நிமிடம்' என்று இருக்கிறது. ஒவ்வொரு கேபிளிலும் சத்தம் வருகிறதா என்று பார்ப்பதோடு அது முடிந்துவிடும். போன முறையும் இதே 3 நிமிடம்தான். அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டாவது பாட்டின் நடுவில் கிட்டார் கூவத் தொடங்கியது. அதை அடக்க, பாடுபவர் தன்னைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டரை மொத்தமாக அணைத்தார்கள். அந்தப் பாடகி தன் குரல் தனக்கே கேட்காமல் மிச்சப் பாட்டுகளைப் பாடி முடித்தார். அதற்குப் பிறகும் அட்டவணை மாறவில்லை என்பதால்தான் இந்த மடல்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். தனிக் கலைஞருக்கும் 20 நிமிட சவுண்ட் செக் கொடுங்கள். அதை ஒப்பந்தத்தில் எழுத்தில் கொடுங்கள்.

ஒரு குரல், ஒரு கிட்டார், இதற்கு எதற்கு இவ்வளவு நேரம் என்று கேட்கிறீர்கள். டிரம்ஸும் பேஸும் சேர்ந்து ஒலிக்கும் மேடையில் சின்னச் சின்னக் குறைகள் அமுங்கிப்போகும். தனியாளுக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. தவிர, மேடையில் ஏறும் கருவிகளில் அக்கூஸ்டிக் கிட்டார் அளவுக்கு ஃபீட்பேக், அதாவது கூவல், தொல்லை கொடுப்பவை குறைவு. பெரிய உடல் கொண்ட ட்ரெட்நாட் கிட்டாரின் உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸில் அதிரும். மானிட்டரிலிருந்து அதே அதிர்வெண்ணில் வரும் சத்தம் மேல்பலகையில் மோதுகிறது. பலகை அதிர்கிறது, கம்பிகளைத் தாங்கும் சேடிலுக்கு அடியில் உள்ள பிக்கப் (அதிர்வை மின்சாரமாக மாற்றும் கருவி) அதைப் பிடித்து மறுபடி மானிட்டருக்கே அனுப்புகிறது. சில விநாடிகளில் அது அரங்கையே நிறைக்கும் கூவலாகிவிடும்.

இதற்கு மருந்து உண்டு, ஆனால் நேரம் வேண்டும். மானிட்டரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போய், கிட்டார் கூவத் தொடங்கும் புள்ளியில் நிறுத்தி, அந்த அதிர்வெண்ணை ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) தேடிப் பிடித்துக் குறுகலாக வெட்ட வேண்டும். மறுபடி ஏற்றினால் 200 ஹெர்ட்ஸ் பக்கம் இன்னொன்று கிளம்பும், அதையும் வெட்ட வேண்டும். அவசரத்தில் அகலமாக வெட்டினால் கூவல் நிற்கும், கூடவே கிட்டார் ஒலியின் கனமும் போய்விடும், மிஞ்சுவது வெறும் கம்பிச் சத்தம். ஒவ்வொரு கிட்டாருக்கும் இந்தப் புள்ளி கொஞ்சம் மாறும் என்பதால் முந்தைய கலைஞருக்குச் செய்த செட்டிங் அடுத்தவருக்கு உதவாது. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது, ஆட்கள் நிறைந்த அரங்கில், எவ்வளவு கெட்டிக்கார சவுண்ட் இன்ஜினியராலும் இதை ஒழுங்காகச் செய்ய முடியாது.

கிட்டாரின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பாக்ஸ் விஷயமும் அப்படித்தான். சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப் இல்லாத பீசோ பிக்கப்பை (சேடிலுக்கு அடியில் இருக்கும் வகை) நேராக மிக்சரில் செருகச் சொல்கிறார்கள். பீசோவுக்கு எதிரே குறைந்தது 1 மெகா ஓம் உள்ளீட்டு மின்மறுப்பாவது வேண்டும். மிக்சரின் சாதாரண லைன் உள்ளீட்டில் இருப்பது 10 கிலோ ஓம் அளவுதான். நேராகச் செருகினால் கீழ்ச்சுரங்களின் கனம் முழுக்கக் காணாமல் போய், மூக்கால் பேசுவதுபோல ஒரு சத்தம் வரும். கேட்பவர்கள் பாடகரின் கிட்டார் மட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். மிக்சர் கேபிள் வழியாகவே அனுப்பும் 48 வோல்ட் ஃபாண்டம் பவரில் ஓடும் ஆக்டிவ் டிஐ பாக்ஸ் ஒன்று இருந்தால் போதும். இரைச்சல் வந்தால் அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை ஒரு முறை தட்டிப் பார்க்கலாம். கேபிளைப் பிடுங்கும் முன் சேனலை மியூட் செய்ய ஒருவர் கவனமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வரும் 'டமார்' ஒலி உங்கள் ஸ்பீக்கரையே பதம் பார்க்கும்.

மானிட்டர் வைக்கும் இடத்தையும் மைக்கைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். கார்டியாய்டு மைக் நேர் பின்னாலிருந்து வரும் சத்தத்தை மிகக் குறைவாகப் பிடிக்கும், அதனால் மானிட்டர் அதன் நேர் பின்புறம். அதைவிடக் குறுகலாகப் பிடிக்கும் சூப்பர் கார்டியாய்டு என்றால் நேர் பின்னால் வைக்கக் கூடாது, ஏறக்குறைய 125 டிகிரியில், சற்றுப் பக்கவாட்டாக. ஒரு அடி நகர்த்தினால் தீர்கிற பிரச்சினைக்காக எத்தனை நிகழ்ச்சிகள் கெட்டிருக்கின்றன!

20 நிமிடம் எங்கே போகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். நாற்காலி, ஸ்டாண்ட், மைக், கேபிள் எல்லாம் இடத்தில் வைக்க 4 நிமிடம். கிட்டாருக்கும், மாற்றுச் சுருதிக்காகக் கொண்டுவரும் இரண்டாவது கிட்டாருக்கும், குரலுக்கும் லெவல் பார்க்க 5 நிமிடம். கூவும் இடங்களைத் தேடி வெட்ட 6 நிமிடம். மீதி 5 நிமிடத்தில் விரலால் மீட்டும் மெல்லிய பாட்டிலிருந்து கொஞ்சம், ஓங்கி அடிக்கும் பாட்டிலிருந்து கொஞ்சம். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் முதலில் வெட்டுகிறீர்கள். ஓங்கி அடிப்பதை மட்டும் கேட்டு லெவல் வைத்தால் விரல் மீட்டல் யாருக்கும் கேட்காது. மீட்டலை மட்டும் கேட்டு வைத்தால் முதல் ஸ்ட்ரம்மிலேயே சத்தம் உடையும்.

ட்யூனிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 12-53 செட் (தடிமனைக் குறிக்கும் எண்) கம்பிகள் ஆறும் சேர்ந்து கிட்டாரின் மீது 70 கிலோவுக்கு மேற்பட்ட இழுவிசையைச் செலுத்துகின்றன. ஏசி அறையிலிருந்து நேராக மேடை விளக்கின் கீழ் வந்தால் கம்பி சூடேறி நீண்டு சுருதி இறங்கும். ஈரப்பதம் ஏறினால் மரமும் உப்பும். கிட்டாரைப் பெட்டியைத் திறந்து மேடை ஓரத்தில் அரை மணி நேரமாவது வைக்க ஓர் இடம் கொடுத்தாலே பாதி சிக்கல் குறையும். ஃபோக் பாடகர்கள் பலர் டிஏடிஜிஏடி (ஆறு கம்பிகளின் சுரப் பெயர்கள்) போன்ற மாற்றுச் சுருதிகளிலும் வாசிக்கிறார்கள். ஆங்கிலேய ஃபோக் பாடகர் நிக் டிரேக் அப்படிப்பட்டவர், 1969 முதல் 1972 வரை மூன்று ஆல்பங்களைத் தந்தவர். பாட்டுக்குப் பாட்டு அவர் கம்பிகளின் சுருதியை மாற்றிச் சேர்க்க வேண்டியிருந்தது, அந்த இடைவெளியில் கிளப்புகளில் பேச்சுச் சத்தம் எழும். மேடை அவருக்கு ஒத்துவரவே இல்லை, கடைசியில் நிகழ்ச்சிகளையே விட்டுவிட்டார். இரண்டாவது கிட்டாருக்கு ஒரு தனி சேனல் கொடுத்தால் இன்றைய கலைஞருக்கு அந்த இடைவெளி சில விநாடிதான்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், இந்தக் கலைஞர்களுக்கு மேடையை விட்டால் வேறு வழி சுருங்கிவிட்டது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு உரிமத்தொகை கிடையாது. 30 விநாடியாவது ஓடினால்தான் அது ஒரு முறை. வீட்டில் ஒரு மைக்கையும் லேப்டாப்பையும் வைத்து மாதக்கணக்கில் ஆல்பம் செய்தவருக்கு அங்கே கிடைப்பது பல நேரம் ஒன்றுமில்லை. மேடைக்கு வந்தால் 'உங்களுக்கு நல்ல அறிமுகம் கிடைக்கும்' என்று சொல்லிச் சம்பளத்தைத் தவிர்க்கிறீர்கள். வெளியே மேசை போட்டு விற்கும் இசைத்தட்டிலும் டி-ஷர்ட்டிலும் பங்கு கேட்கும் அரங்குகளும் இருக்கின்றன. விளக்குக்காரருக்கும் காவலாளிக்கும் கூலி கொடுக்கிறவர்கள் பாடுகிறவருக்கு மட்டும் ஏன் கொடுக்கக் கூடாது? அறிமுகம் என்று நீங்கள் சொல்வதும் சத்தம் சரியாக இருந்தால்தானே? கூவுகிற கிட்டாரோடு அறிமுகமானவரை அடுத்து யார் அழைப்பார்கள்?

சம்பளம் குறித்துத் தனியாகப் பேச வேண்டும், பேசுவோம். இந்த மடலில் கேட்பது 20 நிமிடம்தான். பெரிய பேண்டின் சவுண்ட் செக் நீண்டுபோனால் இப்போது வெட்டுப்படுவது எப்போதும் முதலில் பாடும் தனியாளின் நேரம். பேண்டுகளின் செக்கைத் தலைகீழ் வரிசையில், கடைசியாக ஏறுபவரிலிருந்து தொடங்கி நடத்துகிறீர்கள், அது சரியான முறைதான். அதில் கதவு திறப்பதற்கு முந்தைய 20 நிமிடத்தை யாரும் தொடாதபடி பூட்டிவையுங்கள். முதலில் பாடுபவருக்கு வைத்த செட்டிங் அப்படியே இருக்கும். நடுவில் வருபவர்களின் செட்டிங்கை டிஜிட்டல் மிக்சரில் 'சீன்' என்ற பெயரில் மொத்தமாகச் சேமித்துவைத்து, பிறகு திரும்ப அழைக்கலாம். கூடுதல் செலவு எதுவும் இல்லை.

அட்டவணையை அச்சுக்கு அனுப்பும் முன் இந்தத் திருத்தத்தைச் செய்து, ஒவ்வொரு தனிக் கலைஞரின் ஒப்பந்தத்திலும் 20 நிமிட சவுண்ட் செக், ஆக்டிவ் டிஐ இரண்டு, குரல் மைக் ஒன்று, மானிட்டர் ஒன்று என்று சேர்த்து அனுப்புமாறு பணிவுடன் வேண்டுகிறோம். முடியாது என்றால் அதையும் எழுத்திலேயே தெரிவியுங்கள். ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பதைக் கலைஞர்கள் முன்கூட்டியே முடிவுசெய்துகொள்வார்கள்.

இங்ஙனம்,
தனியாகக் கிட்டாரோடு மேடையேறும் பாடகர்கள் சிலரும், அவர்களுக்கு ஒலி அமைப்பவர்கள் சிலரும்