அத்தையாச்சி வீட்டு அப்பளம்

கல்லிடைக்குறிச்சி
ஜூன் 9

அன்புள்ள சேக்காளிக்கு,

உம்முடைய கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. பதில் எழுத நேரமில்லை என்றால் சிரிப்பீர். ரிட்டயரான சரித்திர வாத்தியாருக்கு அப்படி என்னவே வேலை என்பீர். பெங்களூரில் இருந்து பேத்தி வந்திருந்தாள், வேறொன்றுமில்லை. மே 6ஆம் தேதி வந்தவள் 28ஆம் தேதிதான் போனாள். அவள் போன அன்று படுத்த உம்ம தங்கச்சி இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் கிடையாது, அலுப்பு. எனக்கும் அதே அலுப்புதான். ஒரு வேலையும் செய்யாமல் அலுத்துப்போன ஆள் நான் ஒருவன்தானாம், அவள் சொல்கிறாள்.

பிள்ளை வருவதற்கு ஒரு வாரம் முன்பே நான் நோட்டில் திட்டம் போட்டுவிட்டேன். என்னைத்தான் உமக்குத் தெரியுமே, முப்பது வருஷத்துக்கு மேல் பாடக்குறிப்பு எழுதிய கை சும்மா இருக்குமா? முதல் நாள் ஆறு, இரண்டாம் நாள் கோவில், மூன்றாம் நாள் மணிமுத்தாறு அணை, அப்புறம் பாபநாசம், அகஸ்தியர் அருவி. இடையில் தினம் ஒரு கதை, ஐந்து தமிழ் எழுத்து. ஐந்தரை வயதுப் பிள்ளைக்கு!

திட்டம் ரயிலிலேயே கவிழ்ந்தது. விடியற்காலை நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய மகளையும் பேத்தியையும் நெல்லை ஜங்ஷனுக்கே போய் அழைத்துக்கொண்டு செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினேன். சேரன்மகாதேவி தாண்டி காருகுறிச்சி வந்தது. "இந்த ஊர்லதான் அருணாசலம்னு ஒரு பெரிய நாதஸ்வர வித்வான் இருந்தார்" என்று ஆரம்பித்தேன். "இப்போ இருக்காரா?" என்றாள். 1964லேயே போய்விட்டார் என்றேன். "அப்போ இருக்கிறவங்க யாரைப் பத்தியாவது சொல்லுங்க தாத்தா." மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதில் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

நடராசர் கதையை மட்டும் விட எனக்கு மனசில்லை. குலசேகரமுடையார் கோவிலில் இருந்து 1982இல் களவு போனவர் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு கலைக்கூடம் வரைக்கும் போய் 2019இல் ஊர் திரும்பினாரே, அதைவிட நல்ல கதை நம் ஊரில் ஏது? பிராகாரத்தில் உட்கார்த்தி வைத்து விலாவாரியாகச் சொன்னேன். இந்தமுறை கேட்டாள். கேட்டுவிட்டு, "முப்பத்தேழு வருஷம் அங்க அவருக்குச் சொந்தக்காரங்க யாருமே இல்லையா?" என்றாள். சிவனுக்குத் தாய் தகப்பனே கிடையாது என்பது நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இருக்காது.

அவளை விட்டுவிட்டு மகள் மூன்றாம் நாளே பெங்களூருக்குத் திரும்பிவிட்டாள். ஆபீஸில் அவ்வளவுதான் லீவு. அதற்கு மறுநாள் நடந்ததை உம்மிடம் மட்டும் சொல்கிறேன், மகளுக்கு இன்னும் தெரியாது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு சாய்வு நாற்காலியில் சாய்ந்தவன் கண்ணயர்ந்துவிட்டேன். பிள்ளை காலடியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். விழித்துப் பார்த்தால் கிரேயான் மட்டும் கிடக்கிறது. அடுக்களையில் இல்லை, மச்சில் இல்லை, கிணற்றடியில் இல்லை. கிணற்றுக்கு வலை போட்டிருக்கிறது, ஆனாலும் எட்டிப் பார்த்தேன். உம்ம தங்கச்சி ஒருபக்கம் கத்துகிறாள். நான் செருப்புக்கூடப் போடாமல் கன்னடியன் கால்வாயைப் பார்த்து ஓடினேன். பாதி வழியில்தான் உறைத்தது, கால்வாயில் தண்ணீர் அடைத்துப் பல நாளாகிறது என்று. அந்தத் தார் ரோட்டுச் சூட்டில் என் பாதம் இரண்டும் கொப்பளித்தது நிஜம்.

நாலு வீடு தள்ளி அக்கா வீட்டில் இருந்தாள். அக்காவை உமக்கு மறந்திருக்காது. நாம் எட்டாவது படிக்கையில் மாங்காய் திருடியதற்கு உம் காதையும் என் காதையும் ஒரே சமயத்தில் திருகியவள். இப்போது எழுபத்தொன்பது. பின்கட்டில் சுவரோரமாகக் காலை நீட்டிக்கொண்டு அப்பளம் இட்டுக்கொண்டிருந்தாள். எதிரே நம்ம ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், முகமெல்லாம் மாவு. நான் மூச்சிரைக்க வாசலில் நின்றதை இருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பிள்ளை வந்து ஒரு மணி நேரமாச்சு. உனக்குத் தேட இப்பதான் நேரம் கிடைச்சுதா?" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து தினமும் அங்கேதான். என் நோட்டு மேஜைமேல் கிடந்தது, ஆறாம் பக்கம்வரைதான் எழுதியிருக்கிறேன்.

அப்படி அங்கே என்னதான் இருக்கிறது என்று பார்க்க நானும் ஒருநாள் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். அக்கா மாவைப் பிரண்டைச் சாறு விட்டுப் பிசைந்து, எண்ணெய் தொட்டுத் தொட்டு உலக்கையால் இடிக்கிறாள். இந்த வயதிலும் உலக்கை ஒரே இடத்தில் விழுகிறது. உளுந்து மாவு இடிக்க இடிக்கப் பசையாக இறுகி, மெழுகு மாதிரி பளபளப்பு வருகிறது. அதைப் பாம்பு மாதிரி நீளமாக உருட்டி, ஒரு நூலைச் சுற்றி இழுத்தால் வில்லை வில்லையாக அறுபடுகிறது. இந்த நூல் வேலைதான் பேத்திக்கு. கத்தி இல்லை, நூல் வெட்டுகிறது! முதல்தடவை அறுத்தபோது அவள் முகத்தை நீர் பார்த்திருக்க வேண்டும். எல்லா வில்லையும் ஒரே கனமாக வரவேண்டும், வராவிட்டால் அக்கா ஒன்றும் சொல்லாமல் மறுபடி உருட்டி முன்னால் வைத்துவிடுவாள். திட்டும் இல்லை, 'குட் ஜாப்' என்ற பாராட்டும் இல்லை. நாலாம் நாள் குழவியைக் கையில் கொடுத்தாள். பிள்ளை இட்ட அப்பளம் இலங்கை வரைபடம் மாதிரி இருந்தது. அதையும் எடுத்து மற்றவற்றோடு பாயில் உலர்த்தினாள்.

எனக்குப் பொறாமைதான், ஒளிப்பானேன். நான் கெஞ்சிக் கெஞ்சிக் கூப்பிட்டால் வராத பிள்ளை, முகங்கொடுத்துப் பேசாத கிழவியிடம் ஒட்டிக்கொள்கிறது. அக்கா பிள்ளைகளைக் கொஞ்சுகிற ரகமில்லை. என் மகளைக்கூட அவள் மடியில் வைத்து நான் பார்த்ததில்லை. யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான் வே: அவளுக்கு அங்கே வேலை இருக்கிறது, பிள்ளை அந்த வேலைக்குப் பக்கத்தில் போய் உட்காரலாம், சலித்தால் எழுந்து போகலாம். எனக்கு வேலை கிடையாது, பிள்ளைதான் என் வேலை. அது பிள்ளைக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. இருபத்துநாலு மணி நேரமும் ஒரு கிழவன் உம்மையே பார்த்துக்கொண்டிருந்தால் நீராவது அந்த வீட்டில் இருப்பீரா?

அங்கே பேத்தி படித்த இன்னொரு பாடம் முறை. எதிர்வீட்டுப் பெண் மாவு வாங்க வந்தபோது இவள் "ஆன்ட்டி" என்றிருக்கிறாள். "ஆன்ட்டி என்ன ஆன்ட்டி? உனக்குச் சித்தி முறை அவ" என்று அக்கா ஆரம்பித்துவிட்டாள். அக்காவையே 'அத்தையாச்சி' என்று கூப்பிட வைத்ததும் அவள்தான். அம்மாவுக்கு அத்தை, அப்போ உனக்கு அத்தையாச்சி. ஒரு வாரத்தில் தெருவில் யார் யாருக்கு என்ன முறை என்று பேத்தி எனக்கே சொல்லிக் கொடுக்கிறாள். மார்கன் என்ற அமெரிக்கர் 1871இல் உறவுமுறைகளைப் பற்றி ஒரு பெரிய நூல் போட்டார், ஞாபகம் இருக்கிறதா? ஸ்டாஃப் ரூமில் உமக்குச் சொல்லி நீர் கொட்டாவி விட்டீர். இரோக்வாய் செவ்விந்தியர்களும் தமிழர்களும் சொந்தக்காரர்களைப் பிரிக்கிற விதம் ஒன்றாக இருப்பதைக் கண்டு அசந்துபோனவர். அப்பாவின் சகோதரனும் அப்பா வகை, அம்மாவின் சகோதரியும் அம்மா வகை, ஆனால் அம்மாவின் சகோதரன் மாமா, அப்பாவின் சகோதரி அத்தை. மார்கன் அத்தனை பக்கத்தில் சொன்னதை அக்கா அப்பளம் இட்டுக்கொண்டே ஒரு வாரத்தில் நடத்தி முடித்துவிட்டாள்.

இதில் ஒரு வில்லங்கமும் வந்தது. சென்னையில் இருந்து மகன் குடும்பத்தோடு நாலு நாள் வந்திருந்தான். அவனுடைய இரண்டு பயல்களையும் இவள் 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவாள். மாமா மகன் எப்படி அண்ணன் ஆவான், அத்தான் என்று கூப்பிடு என்று அக்கா திருத்தினாள். இது போனில் மகள் காதுக்குப் போய், "பிள்ளை மனசுல இப்பவே அதெல்லாம் ஏத்தாதீங்கப்பா" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். அக்காவிடம் பக்குவமாகச் சொன்னேன். "அவன் அண்ணன்னா அவன் அம்மாவை இவ என்னன்னு கூப்பிடுவா? அத்தைன்னுதானே? அத்தை பெத்தது எப்படிடா அண்ணன் ஆகும்?" என்று கேட்டாள். தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. ஆனாலும் நான் மகள் பக்கம்தான் நின்றேன். சொந்தத்துக்குள் கட்டி நாம் பார்த்ததெல்லாம் போதும். வகுப்பில் நீர் மரபியல் நடத்திய லட்சணம் பக்கத்து அறையில் இருந்த எனக்கே மனப்பாடம். கடைசியில் பயல்களே தீர்த்துவைத்தார்கள். பெரியவன், "என்னை பேர் சொல்லியே கூப்பிடட்டும் ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் பல்லாங்குழிக்குப் போய்விட்டான். அங்கே அவன் இவளுடைய குழியில் நாலு சேர்ந்த பசுவை எல்லாம் தன் பக்கம் அள்ளிக்கொண்டதும், அதற்கு இவள் புளியங்கொட்டையைத் தெருவில் வீசியதும் தனிக் கதை.

சரி, உம் விஷயத்துக்கு வருகிறேன். டான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்கிற ஹாட்சா மக்களைப் பற்றி எழுதியிருந்தீர். மானிடவியல் ஆய்வாளர் கிரிஸ்டன் ஹாக்ஸ் குழு 1997இல் சொன்னதாக: கைக்குழந்தை வந்ததும் தாயால் அதிகம் அலைய முடியாமல் போகிறது, அப்போது மூத்த பிள்ளைகளின் எடை ஏறுவது ஆச்சி தோண்டும் கிழங்கைப் பொறுத்து இருக்கிறது. பிள்ளை பெறுகிற வயது தாண்டியும் பெண்கள் இவ்வளவு காலம் வாழ்வதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்றும். படித்துவிட்டு உம்ம தங்கச்சியிடம் உரக்க வாசித்தேன். "தாத்தா என்ன செஞ்சாராம்?" என்றாள். உம் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், தாத்தாவைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த கடிதத்தில் ஏதாவது தேடி எழுதும், எனக்கு இங்கே மானம் போகிறது.

நீர் சம்பளமில்லாத வாட்ச்மேன் ஆகிவிட்டதாகப் புலம்பியிருந்தீர். காலையில் பேரனை வேன் ஏற்றிவிட அபார்ட்மெண்ட் கேட்டில் நிற்பது, மத்தியானம் இறக்குவதற்கு மறுபடி நிற்பது. இருபத்திரண்டு நாளில் படுத்துவிட்ட நான், தினமும் நிற்கிற உமக்குப் புத்தி சொல்லக் கூடாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். மாதம் நாலு நாள் முடியாது என்று மகனிடம் வாய் திறந்து சொன்னீரா? சொல்லியிருக்க மாட்டீர். மதினியும் சொல்லியிருக்க மாட்டாள். அவனுக்கு எப்படித் தெரியும்? நான் வேலைக்குப் போகிற காலத்தில் என் மகளை வளர்த்தது அம்மாதான். அவள் முடியவில்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இப்போது உம்ம தங்கச்சி இரண்டு நாள் படுத்துக் கிடந்ததைப் பார்க்கும்போதுதான் அம்மாவின் ஞாபகம் வருகிறது.

பேரனுக்குச் செல்போன் காட்டக் கூடாது என்கிற சண்டையில் நான் உம் மருமகள் கட்சி, கோபித்துக்கொள்ளாதீர். இரண்டு முதல் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனமே 2019இல் சொல்லிவிட்டது. பேரனுக்கு மூன்றரைதானே? சோறு ஊட்டக் கார்ட்டூன் போடுவது நமக்கு வசதி. நானும் போட்டேன், அதனால்தான் சொல்கிறேன்.

பேத்தி ஊருக்குப் போனதில் இருந்து தினம் ராத்திரி வீடியோவில் வருகிறாள். முதல் கேள்வி "அத்தையாச்சி எங்கே?" அக்காவைக் கூப்பிட்டால், "எனக்கு இங்கே வேலை கிடக்கு" என்று வர மறுக்கிறாள். நேற்று போனைத் தூக்கிக்கொண்டு நானே அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா அப்பளத்தைக் கட்டுக்கட்டாக அடுக்கிக்கொண்டே இருந்தாள், அந்தப் பக்கம் இவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்து நிமிஷம் நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை கடுத்துவிட்டது.

நீர் கேட்ட அப்பளம் இருநூறு இத்துடன் பார்சலில் வருகிறது. அடியில் தனியாகக் காகிதம் சுற்றி ஒரு ஒன்பது இருக்கும், கோணலும் மாணலுமாக. உமக்கென்று எடுத்து வைத்தது அக்காதான். எண்ணெய் நன்றாகக் காய்ந்தபிறகு போடச் சொல்லும், ஓரம் கனமாக இருக்கிறது. மதினியை விசாரித்ததாகச் சொல்லும்.

இப்படிக்கு,
உம் சேக்காளி