கயலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கயல்விழிக்கு,

இங்கு எல்லோரும் நலம். தம்பிக்கு இருமல் விட்டுவிட்டது. பொங்கலும் போயிற்று, பெரியப்பா வீட்டுக் காதுகுத்தும் முடிந்துவிட்டது. இரண்டுக்கும் நீ வரவில்லை. அதைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. போன் செய்தால் "வேலையாக இருக்கிறேன் அம்மா" என்று வைத்துவிடுகிறாய். முன்பெல்லாம் ஓர் இலையின் அடிப்பக்கத்தைப் பற்றியே அரை மணி நேரம் பேசுவாயே, அதனால்தான் கடிதம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அந்தமான் காட்டில், அந்த சேடில் பீக் மலைப் பக்கம் தனியாகப் போகாதே.

போன வருடம் நீ காட்டில் கண்டு அனுப்பிய அந்த மரத்தின் படங்களை நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். இலைக்காம்பு முழுக்கத் துரு நிற மயிர். பக்க நரம்புகள் விளிம்பைத் தொடுவதற்கு முன்பே வளைந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. காலமெல்லாம் பள்ளியில் தாவரவியல் நடத்திய எனக்கே அது எந்த இனத்துக்கு நெருக்கம் என்று சொல்லத் தெரியவில்லை. நீயோ உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்து வைக்கும் ஹெர்பேரியம் ஹெர்பேரியமாக ஏறி இறங்கி, பழைய தாள்களையெல்லாம் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டு, "இது புதிது" என்றாய். அன்று தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். இப்போது "என்ன பெயர் வைத்தார்கள்?" என்று கேட்கிறார்கள். ஆகும் என்கிறேன்.

புது இனம் என்று எழுதி அனுப்பிய கட்டுரை இதழிலிருந்து திரும்பி வருவது யாருக்கும் நடப்பதுதான். உனக்கு நடந்தது என்று நான் சொல்லவில்லை, தம்பியும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, அவனைத் திட்டாதே. ஆனால் யாராவது "காய் எங்கே?" என்று கேட்டால் அது பகையாகக் கேட்ட கேள்வி அல்ல. பெயர் சூட்டும் விதிகள் காயைக் கட்டாயமாக்கவில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் நீ ஹோலோடைப், அதாவது பெயருக்கு ஆதாரமான மாதிரி என்று வைக்கப்போகும் அந்த ஒரு தாளோடுதான் அந்தப் பெயர் என்றைக்கும் கட்டுண்டு கிடக்கும். நூறு வருடம் கழித்துச் சந்தேகம் வந்தாலும் அதைத்தான் திறந்து பார்ப்பார்கள். அதற்குள் வேறொருவர் முந்திக்கொண்டால் அவர் வைத்த பெயர்தான் நிற்கும், அந்தப் பயம் உன்னைத் தூங்கவிடாது என்பதும் புரிகிறது. தூங்கு. தூங்காமல் பூதக்கண்ணாடிக்கு அடியில் பூவைப் பிரித்தால் கை நடுங்கும்.

மொரீஷியஸுக்குக் கிழக்கே ரோட்ரிக்ஸ் தீவில் நடந்ததை நீதான் எனக்குச் சொன்னாய். 1980இல் ஒரு பள்ளிச் சிறுவன், அழிந்தே போனதாக எல்லோரும் நினைத்திருந்த காஃபே மரோன் மரத்தைக் கண்டுபிடித்தான். மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான். முதலில் அதை வேறொரு பழைய இனம் என்றே எண்ணினார்கள். அது தனி இனம் என்று விவரித்து எழுதியவர் மொரீஷியஸ்காரரான திருவேங்கடம். அந்தப் பெயரைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம்! 1986இல் கிளை வெட்டி லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அது பூத்தது, பூத்துக்கொண்டே இருந்தது, காய்க்கவில்லை. 2003இல்தான் முதல் விதை கிடைத்தது. பதினேழு வருடம், கயல்! அத்தனை காலமும் அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர்களை நினைத்துப் பார்.

அந்த மரத்தின் செய்தி பரவியதும் மருந்துக்கென்று ஊர்க்காரர்கள் கிளையை முறித்துப்போக, வேலி போட வேண்டியதாயிற்று. அதனால் உன் கட்டுரையில் ஓடையின் பெயரையும் வழியையும் அப்படியே போட்டுவிடாதே. மாவட்டம் போதும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதற்காகத்தான் படத்தை மறுபடி எடுத்தேன். நீ பிரித்துக் காட்டிய பூக்கள் எல்லாவற்றிலும் மகரந்தத்தாள் தெளிவாக இருக்கிறது, நடுவில் சூலகம் மட்டும் குச்சியாகச் சூம்பிக் கிடக்கிறது. எல்லாம் ஒரே மரத்தின் பூக்களா? அப்படியானால் அது ஆண் மரமாக இருக்கலாம். நம் கொல்லையில் நின்ற ஆண்பனையில் ஒரு நாளாவது நுங்கு வெட்டியிருக்கிறோமா? அந்த மரத்தடியிலேயே காய்க்குக் காத்திருந்தால் வராது. சுற்றுவட்டாரத்தில் அதே இலையுள்ள மரம் வேறு இருக்கிறதா என்று பார். பூக்காமல் நின்றாலும் அடையாளம் கட்டி வை. நீ இதை ஏற்கெனவே யோசித்திருப்பாய். யோசித்திருந்தால் எனக்குச் சொல்லியிருக்கலாம்.

மே மாதம் மழை பிடித்துக்கொண்டால் ஓடை தாண்ட முடியாது, மாதிரிகளும் பூஞ்சை பிடித்துவிடும். அதற்குள் போய் வா, ஆள் துணையோடு. அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள். சாப்பாட்டை விட்டுவிடாதே.

செடி அழுத்த நம் வீட்டுப் பழைய செய்தித்தாள்களைக் கட்டி வைத்திருக்கிறேன். வழவழப்பான ஞாயிறு மலர்த் தாள் ஈரம் இழுக்காது என்று அதையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டேன். மூர்த்தி மாமா அடுத்த கப்பலில் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். துறைமுகத்துக்கு நீயே வந்து வாங்கிக்கொள், வேறு யாரையும் அனுப்பாதே. உன்னைப் பார்த்துவிட்டு வந்து அவர் எனக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா