மழுப்பாமல் பதில் சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பிற்குரியவர்களே,

கத்தோலிக்கரும் மார்மன் சபையாரும் ஒருவர் வழிபாட்டில் மற்றவர் வந்து உட்காரவும், வீட்டுக்கு வீடு போய்வரவும், வேண்டியபோது சம்பந்தம் பேசவும் உதவுமென்று நாங்கள் தொகுத்த கையேடு அச்சுக்குப் போய்விட்டது. அதை வரிவரியாகப் பார்த்துக் கொடுத்த இரு தரப்பினருக்கும் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று எல்லாருமே கேட்டுக்கொண்டீர்கள். அதனால் யார் என்ன செய்துகொடுத்தீர்கள் என்பதை மட்டும் எழுதுகிறோம்.

முதல் நன்றி, "எல்லாம் ஒரே கிறிஸ்தவம்தானே" என்ற வரியை முன்னுரையிலிருந்து அடித்துவிட்டவருக்கு. இரு சபைகளும் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது ஒன்றோடொன்று பொருந்தாது என்பதை ஓரத்தில் நாலே வரியில் எழுதியிருந்தீர்கள். திருத்தூதர்களின் அதிகாரம் ஆயர்கள் வழியாக இன்றுவரை அறுபடாமல் வருகிறது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை. திருத்தூதர்கள் மறைந்தபின் அந்த அதிகாரம் பூமியிலிருந்து எடுக்கப்பட்டது, மார்மன் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் வழியாகத் திரும்ப அளிக்கப்பட்டது, அதன்படி 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் சபை அமைக்கப்பட்டது என்பது மார்மன் சபையாரின் நிலை. அறுபடவே இல்லை என்றால் திரும்ப அளிக்க வேண்டியதும் இல்லை. இதைப் பூசி மெழுகிப் பழகிய சிநேகம் முதல் ஞானஸ்நானத்திலோ முதல் கல்யாணத்திலோ உடைகிறது. தெரிந்தே பழகியது அவ்வளவு எளிதில் உடைவதில்லை.

அழைக்கும் பெயரைத் திருத்திய சகோதரிக்கும் நன்றி. 'மார்மன்' என்பது வெளியார் வைத்த பெயர். 2018இல் அச்சபையின் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன், 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்ற முழுப்பெயரையே பயன்படுத்தும்படி கேட்டுக்கொண்டார். ஆகவே கையேட்டில் முதல் பக்கம் தவிர மற்ற இடங்களில் பிற்காலப் பரிசுத்தவான்கள் என்றே இருக்கும்.

திருச்சபைச் சட்டம் படித்த குருவானவருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. கையேட்டிலேயே கனமான பகுதி திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம் பற்றியது, அதற்கு உயிர் கொடுத்தது நீங்கள்தான். பிற்காலப் பரிசுத்தவான்கள் முழுதாகத் தண்ணீரில் மூழ்கச்செய்து, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லித்தான் ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். கேட்பவர் காதுக்கு வேறுபாடே தெரியாது. இருந்தும் 2001 ஜூன் 5 அன்று, பின்னாளில் பதினாறாம் பெனடிக்டாகத் திருத்தந்தையான கர்தினால் ராட்சிங்கர் கையெழுத்திட்டு, இந்த ஞானஸ்நானம் செல்லுமா என்ற கேள்விக்கு வத்திக்கான் அளித்த விடை 'செல்லாது' என்பதுதான். லூத்தரன் சபையிலோ ஆங்கிலிக்கன் சபையிலோ முறைப்படி திருமுழுக்குப் பெற்றவருக்கு இப்படிச் சொல்வதில்லையே, இவர்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்டதற்கு நீங்கள் எழுதித் தந்த விளக்கம் தெளிவாக இருந்தது. அந்தச் சொற்களால் இரு தரப்பும் குறிப்பது வேறு வேறு. 325இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்கள் வரையறுத்தபடி தந்தையும் மகனும் ஒரே பொருளினர், தூய ஆவியோடு சேர்ந்து ஒரே கடவுள் என்பது கத்தோலிக்க விசுவாசம். மூவரும் தனித்தனியானவர்கள், நோக்கத்தில் ஒன்றானவர்கள், பிதாவுக்கும் குமாரனுக்கும் தசையும் எலும்புமான உடல் உண்டு என்பது பிற்காலப் பரிசுத்தவான்களின் போதனை. அவர்களுடைய மறைநூல்களில் ஒன்றான 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' நூலின் 130ஆம் பிரிவில் அது வெளிப்படையாகவே இருக்கிறது. ஞானஸ்நானம் ஆதாம் காலத்திலேயே தொடங்கியது என்று அவர்கள் கொள்வதும் வத்திக்கான் சொன்ன காரணங்களில் ஒன்று.

இதைப் படித்துக் கோபப்படும் பிற்காலப் பரிசுத்தவான் நண்பருக்காக ஒரு வரி சேர்க்கச் சொன்னீர்கள், சேர்த்திருக்கிறோம்: அந்தப் பக்கமும் கத்தோலிக்கத் திருமுழுக்கை ஏற்பதில்லை. கொடுப்பவருக்கு உரிய ஆசாரியத்துவ அதிகாரம் இல்லை என்பது அவர்கள் காரணம். எந்தத் திசையில் மாறினாலும் புதிதாகத்தான் பெற வேண்டும்.

திருமணப் பகுதியை எழுதித் தந்த தம்பதியருக்கு அடுத்த நன்றி. இங்கேதான் பங்கு (உள்ளூர்க் கத்தோலிக்கச் சபை) அலுவலகத்தில் அடிக்கடி தவறு நடக்கிறது. வருபவர் "நானும் கிறிஸ்தவர்தான்" என்கிறார், அலுவலகம் 'கலப்புத் திருமணம்' படிவத்தை நிரப்பி அனுமதி வாங்கிவிடுகிறது. லூத்தரன் மணமகன் என்றால் அது போதும். திருச்சபைச் சட்டப்பிரிவு 1124 கேட்பது அனுமதியைத்தான், அது இல்லாமல் போனாலும் முறைகேடு என்றாகுமே தவிர அதனாலேயே திருமணம் செல்லாததாகிவிடாது. பிற்காலப் பரிசுத்தவான் என்றால் அவர் திருமுழுக்குப் பெறாதவராகவே கணக்கில் வருவார். அப்போது பொருந்துவது பிரிவு 1086. ஆயரிடமிருந்து விலக்கு வாங்கவில்லையென்றால் திருமணமே செல்லாது. ஆகவே முதல் சந்திப்பிலேயே சபையின் முழுப்பெயரைச் சொல்லிவிடுவது நல்லது. கத்தோலிக்கத் துணை தன் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்களிக்க வேண்டும். மற்றவர் எதையும் வாக்களிக்க வேண்டியதில்லை, இந்த வாக்கு இருப்பது அவருக்குத் தெரிந்தால் போதும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு பேச்சையே முறித்துவிடுகிறார்கள். சடங்கு மற்றவரின் கூடத்தில் நடப்பதாக இருந்தால், திருமண முறையிலிருந்தும் தனியாக விலக்கு வேண்டும். கத்தோலிக்கக் கோவிலில் நடந்தால் வழக்கமாகத் திருப்பலி (பூசை) இல்லாத சடங்குதான்.

பிள்ளை விஷயத்தையும் அவர்களே ஒளிக்காமல் எழுதினார்கள். கத்தோலிக்க முறையில் பிறந்த சில வாரங்களுக்குள் திருமுழுக்கு. அந்தப் பக்கம் கைக்குழந்தைக்குப் பெயர் வைத்து ஆசீர்வதிப்பதோடு சரி, ஞானஸ்நானம் எட்டு வயதில். ஆதாமின் மீறுதலுக்காக மனிதர் தண்டிக்கப்படுவதில்லை என்பது அவர்களுடைய விசுவாசப் பிரமாணங்களில் இரண்டாவது. அவர்களுடைய மறைநூலான மார்மன் புஸ்தகமோ குழந்தை ஞானஸ்நானத்தைக் கடுமையாகவே கண்டிக்கிறது. எட்டு வருஷம் இருக்கிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவரும், இந்த மாதமே வைத்துவிடலாம் என்று மற்றவரும் மனதுக்குள் முடிவுசெய்துகொண்டு மணமேடை ஏறுவதுதான் ஆபத்து. நிச்சயத்துக்கு முன்பே பேசிவிட வேண்டிய ஒன்று இது.

பிற்காலப் பரிசுத்தவான்களின் பிஷப் ஒருவர் எங்கள் கேள்விகளுக்கெல்லாம் இரவு எட்டு மணிக்கு மேல்தான் பதில் அனுப்புவார். காரணம் எளிது: அங்கே பிஷப் என்பவர் ஊதியமில்லாத ஊழியர், பகலில் தம் பிழைப்பைப் பார்ப்பவர், சுமார் ஐந்து ஆண்டுகள் உள்ளூர்ச் சபையைக் கவனிப்பவர். பொறுப்பில் ஏறத்தாழ நம் பங்குத்தந்தைக்கு நிகர். மறைமாவட்ட ஆயரோடு ஒப்பிட்டு மடல் எழுதுகிறவர்களால் அவருக்கு ஒரே சங்கடம்.

அவர் எங்களுக்குத் தெளிவாக்கியது, வாராந்தரக் கூடமும் ஆலயமும் வெவ்வேறு என்பதை. ஞாயிறு கூடத்துக்கு யாரும் போகலாம். ஆலயத்துக்குள் நுழைய, பிஷப்பும் அவருக்கு மேலுள்ள தலைவரும் நேர்காணல் செய்து தரும் பரிந்துரைச் சீட்டு வேண்டும், அது இரண்டு ஆண்டுகள் செல்லும். ஆகவே நண்பரின் மகளுக்கு ஆலயத்தில் முத்திரிப்பு (கணவனையும் மனைவியையும் நித்தியத்துக்கும் இணைக்கும் சடங்கு) என்றால், கத்தோலிக்கர் எவ்வளவு நெருங்கியவரானாலும் உள்ளே போக முடியாது. பெற்ற தாயே சபையில் இல்லையென்றால் வெளியேதான் நிற்க வேண்டும். இதில் மனக்கசப்பு வராமலிருக்க ஒரு வழி உண்டு. முன்பு பல நாடுகளில், வெளியே சட்டப்படி மணந்தவர்கள் ஆலய முத்திரிப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2019 மே மாதம் அந்தக் கட்டுப்பாடு எடுக்கப்பட்டது. எல்லா உறவும் பார்க்க ஒரு மணவிழா, பிறகு ஆலயம் என்று வைத்துக்கொள்ளலாம். அழைப்பிதழ் அடிப்பதற்கு முன்பு இதைக் கேட்டுப்பாருங்கள் என்று கையேட்டில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறோம். புதிய ஆலயம் அர்ப்பணிக்கப்படும் முன் சில வாரங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும்; பார்க்க ஆசையிருப்பவர்களுக்கு அதுதான் சமயம்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் ஞாயிறு கூட்டத்தில் திருவிருந்துத் தட்டை எப்படிக் கடத்துவது என்று செய்து காட்டிய பையன்களுக்குத் தனி நன்றி. பன்னிரண்டு வயதாகும் ஆண்டிலேயே இந்தப் பணி தொடங்குகிறது. ரொட்டியைப் பிட்டு வைக்கிறார்கள்; திராட்சை இரசம் இல்லை, சின்னஞ்சிறு கோப்பைகளில் தண்ணீர். இரண்டுக்கும் முன்னே சொல்லும் ஜெபம் எழுதியபடியே இருக்க வேண்டும். ஒரு சொல் பிசகினால் பிஷப் சைகை காட்டுவார், ஜெபம் சொல்பவர் முதலிலிருந்து சொல்வார். அதைப் பார்த்து விருந்தினர் சிரித்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதினோம். தட்டு வரிசையில் கைமாறி வரும். கத்தோலிக்கர் எடுத்துக்கொள்ளாமல் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டால் போதும். விளக்கம் சொல்லவோ தலையசைக்கவோ வேண்டாம். அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை.

கத்தோலிக்கத் திருப்பலியில் நிலைமை வேறு. அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறுகின்றன என்ற விசுவாசம் இருப்பதால், மற்றவர் மரியாதைக்காக வரிசையில் போய் வாங்கிக்கொள்வது மரியாதையாகாது. இருக்கையிலேயே இருக்கலாம். கைகளை மார்பின்மேல் குறுக்கே வைத்து ஆசீர் பெறும் வழக்கம் சில பங்குகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. கூட்டிப்போகிறவர் முன்கூட்டியே கேட்டு வைக்கட்டும். தெரியாமல் கையில் வாங்கிவிட்டால் பையில் போட்டுக்கொள்ளாமல் அங்கேயே குருவானவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முழங்காலிடும் நேரத்தில் அமைதியாக அமர்ந்திருந்தால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு பிற்காலப் பரிசுத்தவான்களுக்கு உபவாச நாள், அடுத்தடுத்த இரண்டு வேளை சாப்பாடும் தண்ணீரும் கிடையாது. அன்று மதிய விருந்துக்குக் கூப்பிடாதீர்கள். அன்றைய கூட்டத்தில் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்வார்கள். முதன்முறை போகிறவர் வேறொரு ஞாயிறைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. எங்களுக்கு உதவியவர்களிலேயே பாதிப்பேர் இதை ஏற்கவில்லை. மற்ற நாட்களில் உபசரிப்புக்குச் சிக்கல் குறைவு: மது, புகையிலை, காபி, தேயிலை (பச்சைத் தேயிலையும் சேர்த்துத்தான்) கிடையாது, மூலிகைக் கஷாயம் ஆகும், கோலா அவரவர் விருப்பம். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் கத்தோலிக்கருக்கு நோன்பும் இறைச்சி விலக்கும் என்பதை அவர்களும் குறித்துக்கொண்டார்கள்.

பங்குப் பதிவேடுகளைப் பாதுகாக்கும் பெரியவர் இறந்தோர் பற்றிய பகுதியில் கைகொடுத்தார். மறைந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர் ஒருவர் அவர்கள் சார்பில் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெறுவது பிற்காலப் பரிசுத்தவான்களின் வழக்கம். அதனால்தான் வம்சாவளி தேடுவதில் அவ்வளவு ஊக்கம். 2008 ஏப்ரலில் வத்திக்கான், பங்குப் பதிவேடுகளை இதற்காகப் படியெடுக்கக் கொடுக்க வேண்டாம் என்று ஆயர்களுக்கு எழுதியது. அந்த ஆன்மா ஏற்கவும் மறுக்கவும் உரிமையுடையது என்பதே தங்கள் போதனை என்று அவர்கள் தரப்பிலிருந்து ஓர் அம்மா எழுதியதை அப்படியே சேர்த்திருக்கிறோம். நடைமுறைக்கு வேண்டியது இது: கடந்த 110 ஆண்டுகளுக்குள் பிறந்தவருக்குச் செய்வதென்றால், உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவினரின் ஒப்புதல் வேண்டும் என்பது அச்சபையின் விதி. தாத்தா பாட்டி பெயர்களை நட்புக்காக எழுதிக் கொடுப்பதற்கு முன் சித்தப்பா, அத்தைமாரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பாடகர் குழுவினருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். 1879 மே மாதம் அமெரிக்காவில் யூட்டாவின் செயின்ட் ஜார்ஜில், பிற்காலப் பரிசுத்தவான்களின் வழிபாட்டுக் கூடத்திலேயே அருட்தந்தை லாரன்ஸ் ஸ்கேன்லன் திருப்பலி நிறைவேற்றியதையும், அவர்களுடைய பாடகர்களே இலத்தீன் பாடல்களைக் கற்றுக்கொண்டு பாடியதையும் எங்களுக்குச் சொன்னது நீங்கள்தான். பாடினார்கள், ஆனால் யாரும் யாரையும் மாற்றிவிடவில்லை. எங்கள் கையேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி கிடைக்காது. திருத்தந்தை பிரான்சிசும் நெல்சனும் வத்திக்கானில் சந்தித்தது அதற்கு ஏறத்தாழ 140 ஆண்டு கழித்து, 2019 மார்ச் 9 அன்று.

ஒரு பகுதியில் கடைசிவரை உடன்பாடு வரவில்லை. 'பிற்காலப் பரிசுத்தவான்கள் கிறிஸ்தவர்களா?' என்ற கேள்விக்கு ஒரே பதிலை எழுதப் பார்த்தோம், இரு பக்கமும் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். இப்போது எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு பதில்கள் இருக்கின்றன. நிசேயா விசுவாச அறிக்கையிலிருந்து தொடங்குகிறது ஒன்று. சபையின் பெயரிலேயே இருக்கும் இயேசு கிறிஸ்துவிலிருந்து தொடங்குகிறது மற்றது. எழுதிய இருவரும் மற்றவரின் பக்கத்தைப் படித்து, "அவர்கள் நிலைப்பாடு இதில் சரியாகவே சொல்லப்பட்டிருக்கிறது" என்று அடியில் ஒப்பமிட்டுக் கொடுத்தார்கள். இருவருக்கும் எங்கள் நன்றி.

அன்புடன்,
கையேட்டுக் குழுவினர்