கதவுகளை முதலில் பார்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆலையின் பாதுகாப்புக் குழுவுக்குத் தொழிலாளர் சார்பில் உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று படித்ததும் அவ்வளவு மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

புதிய தீயணைப்புக் கருவிகள் வந்திருப்பதாக எழுதியிருந்தாய். நல்லதுதான். ஆனால் நீ முதலில் கதவுகளைப் பார். நாம் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைத்த காலத்தில் மாடிப்படியில் பாதியை அட்டைப்பெட்டிகள் அடைத்திருக்கும். ஷிப்ட் முடிந்தால் தோளைச் சாய்த்துக்கொண்டு ஒவ்வொருவராகத்தான் இறங்குவோம். பின்வாசல் சாவியோ சூப்பர்வைசரின் சட்டைப்பையில். கேட்டால், துணி திருட்டுப் போகும் என்பார்கள்.

1911-இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆலையிலும் திருட்டுக்குப் பயந்துதான் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். தீப்பிடித்தபோது 146 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் இளம்பெண்கள். 2012 செப்டம்பரில் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆலையில் 250-க்கும் மேற்பட்டோர் தீயில் மாண்டபோதும் ஜன்னல்களில் கம்பி, வாசல்களில் பூட்டு. அந்த ஆலை சில வாரங்களுக்கு முன்புதான் சர்வதேசத் தரச்சான்றிதழ் வாங்கியிருந்தது. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அதனால்தான் சொல்கிறேன், சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழை நம்பாதே.

அதே ஆண்டு நவம்பரில் டாக்கா அருகே தாஸ்ரீன் ஆலையில் தீ. தரைத்தளத்தில் குவித்திருந்த துணியும் நூலும் பற்றிக்கொண்டன. மாடிப்படிகள் எல்லாம் அந்தத் தரைத்தளத்தில்தான் போய் முடிந்தன. அபாய மணி கேட்டு எழுந்தவர்களை மேலாளர்கள் மறுபடி வேலைக்கு உட்காரச் சொன்னார்கள் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். 112 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அங்கே மணி அடிக்காமல் இல்லை, தோழி. எழுந்து போகும் உரிமைதான் அவர்களுக்கு இல்லை.

ஆகவே குழுவில் நீ பிடிவாதமாகக் கேட்க வேண்டியது ஒன்று: மணி அடித்தால் யாரையும் கேட்காமல் வெளியேறலாம், அதற்காகச் சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று நிர்வாகம் எழுதித் தர வேண்டும். 2013-இல் டாக்கா அருகே ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்த பிறகு தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் வங்கதேசத்துக்காகச் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், பாதுகாப்பில்லாத வேலையை மறுக்கும் உரிமையும் இருந்தது. அதை எடுத்துக்காட்டு. ஆய்வு அறிக்கைகளைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. உங்கள் ஆலையின் அறிக்கையையும் எல்லோரும் படிக்கும்படி ஒட்டச் சொல்.

வெளியேறும் கதவு, சாவியே இல்லாமல் உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும். படிக்கட்டை மறைக்கும் தீத்தடுப்புக் கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். காற்று வரட்டும் என்று அதற்குக் கட்டை கொடுத்து வைத்திருந்தால், புகை நேராகப் படிக்கட்டில் ஏறிவிடும். நெருப்பு நெருங்கும் முன்பே புகை ஆளை வீழ்த்திவிடும். ஸ்விட்ச்போர்டுகளிலும் மோட்டார்களிலும் பஞ்சுத்தூசு படியாமல் அன்றாடம் துடைக்க வேண்டும்.

வெளியேறும் பயிற்சியை ஆர்டர் நெருக்கும் நாளிலும் நடத்தச் சொல். இரவு ஷிப்டுக்கும் நடக்கிறதா? அடுத்த கடிதத்தில் அவசியம் எழுது.

அன்புடன்,
உன் தோழி